கராதோ மீன் சந்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவின் மேற்கு முனையில், கன்மோன் நீரிணையின் கரையில் இருக்கிறது ஷிமோனோசெகி. விஷ மீனான ஃபுகுவுக்குப் பேர்போன ஊர். அங்குள்ள கராதோ சந்தைக்குப் போகத் திட்டமிடுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விலையும் நேரமும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் சந்தையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டோக்கியோவிலேயே மீன் சந்தை இருக்கும்போது இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்?

டோக்கியோவின் மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் ட்சுகிஜியிலிருந்து தொயோசுவுக்கு இடம் மாறியது. புதிய இடத்தில் சுத்தத்துக்கும் ஒழுங்குக்கும் குறைவில்லை. ஆனால் வெளியூர்க்காரர் மேல்தளத்திலிருந்து சூரை மீன் ஏலத்தை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் எப்போதும் ஒரு தடுப்பு இருக்கும்.

கராதோவில் மொத்த வியாபாரமும் சில்லறை வியாபாரமும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. விடியும் முன் உணவகக்காரர்கள் பெட்டி பெட்டியாக எடுத்துப்போன அதே தளத்தில், காலை ஒன்பது மணிக்கு உள்ளூர் பாட்டி ஒருவர் இரண்டு மீனைக் காட்டி விலை கேட்டுக்கொண்டிருப்பார். நீங்களும் அவருக்குப் பக்கத்தில் நின்று வாங்கலாம். இப்போதைய கட்டடம் 2001இல் வந்தது. மேல்தளத்தில் சுற்றி நடக்கும் பாதை இருக்கிறது. முதலில் அங்கே ஏறி மொத்தச் சந்தையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால், எந்தக் கடையில் கூட்டம், எங்கே என்ன மீன் என்பது பிடிபட்டுவிடும்.

எந்த நாளில், எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். சாப்பிடுவதற்காகப் போகிறீர்கள் என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறை நாளில் மட்டும் போங்கள். அந்த நாட்களில்தான் மீன் கடைகள் தங்கள் மேடைகளில் சுஷியும் பொரியலும் சூப்பும் பரப்பி விற்கின்றன. 'இகிஇகி பகன்காய்' என்று பெயர். வெள்ளியும் சனியும் காலை 10 மணிக்கு, ஞாயிறும் விடுமுறை நாட்களும் 8 மணிக்குத் தொடங்கி மாலை 3 மணி வரை என்பது கணக்கு. நடைமுறையில் நல்ல துண்டுகள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ஒன்றரை மணிக்கு மேல் போனால் மிச்சம் மீதிதான்.

திங்கள் முதல் வியாழன் வரை போனால் பச்சை மீன் கடைகள் இருக்கும், மேல்தளத்தில் உணவகங்கள் இருக்கும், இந்தத் திருவிழா இருக்காது. செவ்வாய்க்கிழமை போய்விட்டு "ஊரெல்லாம் புகழ்கிறார்கள், ஒன்றுமே இல்லையே" என்று குறைப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிறைவிடச் சனிக்கிழமை தேவலை. ஞாயிறு காலையில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கினால் நகர இடம் இருக்காது.

எப்படிப் போய்ச் சேருவது?

ஷின்கான்சென் எனும் அதிவேக ரயிலில் கொகுராவில் இறங்குங்கள். ஃபுகுவோகா நகரின் ஹகாத்தா நிலையத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். டோக்கியோவிலிருந்து என்றால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கொகுராவிலிருந்து சாதாரண ரயிலில் ஷிமோனோசெகி கால் மணி நேரம். கொகுரா இருக்கும் கியூஷு தீவிலிருந்து ஹோன்ஷுவுக்குக் கடலுக்கடியில் 1942இல் திறந்த சுரங்கம் வழியாக அந்த ரயில் போகிறது. நிலையத்திலிருந்து கராதோவுக்கு பஸ்ஸில் பத்து நிமிடம்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. கொகுராவிலிருந்து மோஜிகோ நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சிறு படகில் நீரிணையைக் கடப்பது. ஐந்தே நிமிடம், கட்டணம் 400 யென் அளவில். படகுத்துறையில் இறங்கினால் சந்தை கூப்பிடு தூரத்தில். நீரோட்டம் கடுமையான இடம் என்பதால் படகு நன்றாகவே குதிக்கும். குமட்டல் வருபவர்கள் சாப்பிட்ட கையோடு திரும்பிப் படகேற வேண்டாம், ரயிலில் போகலாம்.

பெரிய பெட்டிகளை நிலையத்து லாக்கரிலேயே வைத்துவிடுங்கள். சந்தையின் நடைபாதை குறுகல், தரை எப்போதும் ஈரம்.

சுஷி வாங்குவது எப்படி? ஜப்பானிய மொழி தெரிய வேண்டுமா?

தேவையில்லை, விரல் போதும். ஒவ்வொரு கடையிலும் சுஷித் துண்டுகள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும், வரிசைக்கு முன்னால் விலைச் சீட்டு. பிளாஸ்டிக் பெட்டியையும் இடுக்கியையும் எடுத்து, வேண்டியதை நீங்களே எடுத்து வைத்துக் கடைக்காரரிடம் நீட்டினால் கணக்குப் போட்டுவிடுவார். சில கடைகளில் நாம் சுட்டிக் காட்ட, அவர்கள் எடுத்து வைப்பார்கள். சோயா சாஸ் பொட்டலமும் குச்சியும் கொடுப்பார்கள். விலை துண்டுக்கு நூற்றுச் சொச்சம் யென்னில் தொடங்கி, சூரையின் கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதிக்கு நானூறு, ஐந்நூறைத் தொடும்.

சில்லறையாகவும் ஆயிரம் யென் தாளாகவும் பணம் வைத்திருங்கள். எல்லாக் கடையிலும் அட்டை செல்லும் என்று நம்பிப் போக வேண்டாம். பேரம் பேசும் வழக்கம் கிடையாது. எடுத்த துண்டைத் திரும்ப வைப்பதும், மீனைத் தொட்டுப் பார்ப்பதும் கூடவே கூடாது. நம் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் மீன் வாங்குவதில்லை. இங்கே அந்தக் கையைக் கட்டிவைக்கத்தான் வேண்டும்.

முதல் கடையிலேயே பெட்டியை நிரப்பிவிடாதீர்கள். எல்லாக் கடையிலும் ஒரே மீன் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு கைராசி உண்டு. ஒருவர் கடல் விலாங்கைப் பெட்டியைவிட நீளமாக வெட்டி வைத்திருப்பார். அடுத்தவரிடம் அன்று வந்த கணவாய் கண்ணாடிபோல் இருக்கும். ஒரு சுற்று வந்துவிட்டுக் கடைக்கு இரண்டு, மூன்று துண்டு என்று சேர்ப்பதுதான் உள்ளூர்க்காரர் வழி.

வாங்கியதை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

சந்தைக்குப் பின்னால் கடலோரமாக மரத்தளம் போட்டிருக்கிறார்கள். பெரிய சரக்குக் கப்பல்கள் கண்ணெதிரே, கரையை உரசுவதுபோல் போகும். நீரிணையின் மிகக் குறுகிய இடத்தின் அகலம் எழுநூறு மீட்டர் அளவுதான். நாள் நன்றாக இருந்தால் இதைவிட நல்ல சாப்பாட்டு மேசை ஜப்பானில் கிடைப்பது அரிது.

ஒரே தொல்லை பருந்து. மேலே வட்டமிட்டுக்கொண்டே இருக்கும், பின்னால் இருந்து சத்தமில்லாமல் பாய்ந்து கையிலிருப்பதைக் கவ்விக்கொண்டு போய்விடும். சுவரையோ கூரையையோ முதுகுக்கு வைத்து உட்காருங்கள், பெட்டியை மூடியே வைத்து ஒவ்வொரு துண்டாக எடுங்கள். குழந்தையின் கையில் பொரித்த மீனைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படம் எடுக்காதீர்கள்.

ஃபுகு விஷ மீன்தானே? நம்பிச் சாப்பிடலாமா?

உரிமம் பெற்ற கடையில் தாராளமாகச் சாப்பிடலாம். ஏன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பயம் போய்விடும்.

ஃபுகுவின் விஷத்துக்கு டெட்ரோடாக்சின் என்று பெயர். ஈரலிலும் சினைப்பையிலும் அது மிக அதிகம், சில இனங்களில் தோலிலும் உண்டு. வேகவைத்தாலும் பொரித்தாலும் அழியாது. உடம்பில் ஏறினால் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு கைகால், கடைசியில் மூச்சுத் தசைகள் செயலற்றுப்போகும். மாற்று மருந்து கிடையாது. விஷம் இறங்கும் வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை.

ஆகவே பாதுகாப்பு முழுவதும் வெட்டுபவரின் கையில் இருக்கிறது. மாகாண அரசு நடத்தும் தேர்வில் தேறியவர்தான் ஃபுகுவைச் சுத்தம் செய்யலாம். எந்த இனத்தில் எந்த உறுப்பை உண்ணலாம் என்று 1983இல் நாடு முழுவதற்கும் பட்டியல் வந்தது. எந்த ஃபுகுவின் ஈரலையும் விற்கக் கூடாது என்பதும் சட்டம். வெட்டி எடுத்த விஷ உறுப்புகளைப் பூட்டிய பெட்டியில் சேர்த்துத் தனியாக எரிக்கிறார்கள். சந்தை மேடைக்கு வருவது இதையெல்லாம் கடந்துவந்த, உண்ணத்தக்க பகுதிகள்தான். நஞ்சேறிய செய்திகள் வருவது பெரும்பாலும் தானே தூண்டில் போட்டுப் பிடித்துத் தானே வீட்டில் சமைத்தவர்களிடமிருந்து.

புகழ்பெற்ற ஒரு மரணமும் உண்டு. கபுகி எனும் ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகர் எட்டாம் பாந்தோ மிட்சுகோரோ 1975இல் கியோட்டோவில் ஃபுகு ஈரலைக் கேட்டு வாங்கி, ஒன்றல்ல, நான்கு பேருக்கான பங்கைச் சாப்பிட்டு இறந்தார். 'நாக்கில் லேசாகச் சுருக்கென்று இருக்கும், அதுதான் சுகம்' என்று யாராவது ரகசியமாக ஈரல் ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். முறையாகச் சுத்தம் செய்த ஃபுகுவில் எந்தச் சுருக்கும் இருக்காது.

இந்த ஊருக்கும் ஃபுகுவுக்கும் அப்படி என்ன தொடர்பு?

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கொரியப் படையெடுப்புக்காகத் திரண்ட வீரர்கள் ஃபுகு தின்று செத்ததால், அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி அதைத் தடை செய்தார் என்பது வரலாறு. தடை ஏட்டளவில் நீடிக்க, சாப்பிடுபவர்கள் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஜப்பானின் முதல் பிரதமரான இதோ ஹிரோபூமி இதே யாமாகுச்சி மாகாணத்துக்காரர். அவர் ஷிமோனோசெகியின் ஷுன்பன்ரோ விடுதிக்கு வந்த நாளில் கடல் கொந்தளிப்பால் வேறு மீன் கிடைக்கவில்லை, தண்டனைக்குத் துணிந்து விடுதியின் அம்மாள் ஃபுகுவைப் பரிமாறினார், ருசியில் மயங்கிய இதோ 1888இல் யாமாகுச்சியில் தடையை நீக்க வைத்தார் என்று சொல்கிறார்கள். கடல் அன்று உண்மையிலேயே கொந்தளித்ததோ இல்லையோ, தடை நீங்கியதும், அனுமதி பெற்ற முதல் கடை ஷுன்பன்ரோ என்பதும் உண்மை.

அந்த விடுதி இன்றும் சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 1895 ஏப்ரல் 17 அன்று சீனாவின் லீ ஹொங்ஜாங்கும் இதோவும் சீன-ஜப்பான் போரை முடித்த ஷிமோனோசெகி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அங்கேதான். பக்கத்திலேயே சிறு நினைவு அரங்கம், கட்டணம் இல்லை.

இங்கே விற்கும் ஃபுகு எல்லாம் இந்தக் கடலில் பிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். வளர்ப்பு ஃபுகுவில் முதலிடம் நாகசாகிக்கு. கடலில் பிடிப்பதும் பல கரைகளிலிருந்து இங்கே வருகிறது. சுத்தம் செய்யத் தெரிந்த கைகளும் தரகர்களும் தலைமுறையாக இங்கே இருப்பதால் மீன் இந்த ஊரைத் தேடி வருகிறது.

ஃபுகு ஏலத்தைப் பார்க்க முடியுமா?

கராதோவில் முடியாது. ஃபுகு ஏலம் நடப்பது ஹிகோஷிமா தீவில் உள்ள ஹாயேதோமாரி சந்தையில், அதுவும் நள்ளிரவு தாண்டி. ஏலக்காரர் கையில் கறுப்புத் துணிப்பை ஒன்றை மாட்டியிருப்பார். வாங்குபவர் அதற்குள் கைவிட்டு ஏலக்காரரின் விரல்களைப் பிடித்து விலை சொல்வார். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. முன்பு நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசிய அதே முறை. சுற்றுலாவுக்காக நடத்துவதல்ல என்பதால் படத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, ருசி எப்படி? எதை வாங்குவது?

வெளிப்படையாகச் சொல்கிறேன். ஃபுகுவின் பச்சைத் துண்டுகளை வாயில் போட்டதும் பலருக்கும் தோன்றுவது 'இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்பதுதான். மணம் இல்லை, கொழுப்பு இல்லை. அதன் சிறப்பு பல்லுக்குக் கிடைக்கும் இழுவையில் இருக்கிறது. சதை அவ்வளவு இறுக்கமானது. அதனால்தான் வெட்டிய மீனைத் துணியில் சுற்றி ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்திருந்து, பிறகு தட்டின் பூவேலை தெரியும் அளவுக்கு மெல்லியதாகச் சீவுகிறார்கள். நல்ல கடையில் அந்தத் துண்டுகள் சாமந்தி இதழ்போல் வட்டமாக அடுக்கியிருக்கும். நடுவில் வெந்நீரில் காட்டி நறுக்கிய தோல், கொஞ்சம் வெங்காயத்தாள், மிளகாய் சேர்த்துத் துருவிய முள்ளங்கி. புளிப்பான பொன்சு சாஸில் தொட்டு, இரண்டு மூன்று துண்டாகச் சேர்த்து வாயில் போட்டு, அவசரமில்லாமல் மெல்ல வேண்டும். மெல்ல மெல்லத்தான் அடியிலிருந்து ஓர் இனிப்பு வரும். ஒற்றைத் துண்டை விழுங்கினால் ஒன்றுமே தெரியாது. சந்தையில் சிறு தட்டு ஆயிரம் யென்னை ஒட்டிக் கிடைக்கும், உணவகத்தின் முழு விருந்து அதைப்போலப் பல மடங்கு.

என் வாக்கு ஃபுகு வறுவலுக்கும் சூப்புக்கும். எலும்போடு வெட்டி மாவில் புரட்டிப் பொரித்த சதை, சூடாக இருக்கும்போது கோழித்தொடையைவிட உறுதியாக, சாறோடு எலும்பைவிட்டுக் கழன்று வரும். புளித்த சோயா விழுதில் செய்யும் மீசோ சூப்பில் எலும்பின் சாரம் முழுதும் இறங்கியிருக்கும். குளிர்காலக் காற்றில் அந்தக் கிண்ணம் சில நூறு யென்னுக்குக் கொடுக்கும் சுகத்தை, அழகாக அடுக்கிய தட்டு கொடுப்பதில்லை.

மிக உயர்ந்த இனமான தோராஃபுகுவுக்குப் பருவம் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. குளிர் ஏற ஏற ருசியும் ஏறும். ஆண் மீனின் விந்துப்பையும் அப்போதுதான் வரும். தணலில் சுட்டால் வெண்ணெய்போல் இளகும். வளர்ப்பு மீன் ஆண்டு முழுதும் உண்டு. மலிவான பொரியல் பெரும்பாலும் வேறு ஃபுகு இனமாக இருக்கும். அதில் தவறில்லை, விலைக்கேற்ற பண்டம். மது அருந்துபவர்கள் மாலையில் ஓர் உணவகத்தில் 'ஹிரேசாக்கே' கேட்டுப் பாருங்கள். காய்ந்த துடுப்பைக் கருகச் சுட்டுச் சூடான சாக்கேயில் போட்டு மூடித் தருவார்கள். புகையும் மீனும் கலந்த வாசம் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

நம் கடற்கரையில் வலையில் சிக்கும் பேத்தை மீனும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம், வேறு இனங்கள். நம் மீனவர்கள் பேத்தையை வலையிலிருந்து எடுத்து வீசுவது சரியான காரியம். ஜப்பானில் சாப்பிட்டோமே என்று ஊரில் வந்து முயன்று பார்க்க வேண்டாம்.

ஃபுகுவை விட்டால் வேறு என்ன உண்டு?

நிறைய. உண்மையில் சுஷிப் பெட்டியை ஃபுகுவால் நிரப்புவது வீண். பாரை இனத்தைச் சேர்ந்த சிறு மீனான அஜி இங்கே மலிவு, ருசியோ விலைக்குப் பல மடங்கு. மேலே துருவிய இஞ்சி வைத்திருப்பார்கள். கன்மோன் நீரிணையின் பேய்க்கணவாய் கடும் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி வளர்வதால் கால்கள் குட்டையாக, தடித்து இருக்கும். வேகவைத்த துண்டு இனிக்கும். ஆழ்கடல் மீனான ஆங்கோவும் ஷிமோனோசெகி துறைமுகத்தில் ஏராளமாக இறங்குகிறது. குளிர்காலத்தில் அதன் ஈரலை வேகவைத்து விற்பார்கள்.

கடல் முள்ளெலியின் மஞ்சள் சினை, 'ஊனி', இந்த ஊரில் இரண்டு விதம். பச்சையாகச் சுஷியின் மேல் வருவது ஒன்று. மதுவில் ஊறவைத்துப் புட்டியில் அடைத்தது இன்னொன்று. பக்கத்துத் தீவான முட்சுரேயில், மேஜி காலத்தில் (1868–1912) ஜின் மது தவறிக் கொட்டிய ஊனி ருசியாக இருந்ததால் அந்தப் பக்குவம் பிறந்தது என்று கதை சொல்வார்கள்.

பச்சை மீன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா?

மீன் புதியதாக இருக்கும்வரை பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அனிசாகிஸ் என்ற புழு சில கடல் மீன்களில் இருக்கும். கடைக்காரர்கள் கண்ணால் பார்த்து நீக்குவார்கள், உறைகுளிரில் வைத்தால் அது செத்துவிடும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்றில் கடும் வலி வந்தால் மருத்துவமனைக்குப் போய், பச்சை மீன் சாப்பிட்டதைச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பொரியலோடும் சூப்போடும் நிறுத்திக்கொள்வது நல்லது. வாங்கிய சுஷியை மாலைக்கு என்று பையில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள்.

வீட்டில் ஒருவர் சைவம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் உண்டு. என்ன செய்வது?

சந்தைக்குள் சைவர்களுக்கு அநேகமாக ஒன்றும் இல்லை. மறைந்திருக்கும் எதிரி 'தாஷி' என்ற சாறு. மாசிக் கருவாட்டைப் போலவே சூரை இனத்து மீனைப் புகையூட்டிக் காயவைத்துச் சீவி, அந்தச் சீவலை வெந்நீரில் போட்டு எடுப்பது அது. காய்கறிக் குழம்பிலும், நூடுல்ஸ் சாற்றிலும், முட்டைச் சுருளிலும்கூட இருக்கும். வெள்ளரிக்காய் சுருட்டிய சுஷி, பழம், உப்பு மட்டும் போட்ட சோற்றுருண்டை ஆகியவற்றை அருகிலுள்ள கடையில் முன்னதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரின் இன்னொரு அடையாளமான 'கவாரா சோபா'வில் மாட்டிறைச்சி இருக்கும். சூடான கூரை ஓட்டின் மேல் பச்சைத் தேயிலை நூடுல்ஸைப் பரப்பி, இறைச்சியும் முட்டைத் துருவலும் தூவித் தருவது. ஹலால் பார்ப்பவர்கள் சுஷிச் சோற்றிலும் சாஸிலும் மது வகைகள் கலந்திருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்தபின் மீதி நாளை எப்படிக் கழிப்பது?

கரையோரமாகக் கிழக்கே நடந்தால் அகாமா ஆலயம். 1185இல் இந்த நீரிணையில் நடந்த தான்னோஉரா போரில், பாட்டியின் கையில் கடலில் மூழ்கிய குழந்தைப் பேரரசர் அந்தோகுவுக்கானது. இன்னும் சற்றுத் தூரத்தில், 1973இல் கட்டிய கன்மோன் பாலத்துக்கருகே, நடந்தே கியூஷுவுக்குப் போகும் சுரங்கப் பாதை. நீளம் 780 மீட்டர், 1958இல் திறந்தது, நடப்பவர்களுக்கு இலவசம். நடுவில் தரையில் கோடு போட்டு யாமாகுச்சி, ஃபுகுவோகா மாகாணங்களின் எல்லையைக் குறித்திருக்கிறார்கள். எல்லாரும் ஆளுக்கொரு காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

திமிங்கில இறைச்சி விற்கிறார்களே, வாங்கலாமா? வேறு எதை ஊருக்குக் கொண்டுவரலாம்?

ஷிமோனோசெகி பழைய திமிங்கில வேட்டைத் துறைமுகம். ஜப்பான் 2019 ஜூலையில் வணிக வேட்டையை மீண்டும் தொடங்கியபின் இங்கே விற்பனை வெளிப்படையாகவே நடக்கிறது. அங்கே சாப்பிடுவதும் சாப்பிடாததும் உங்கள் மனசாட்சியின் பாடு. நான் அந்த மேடையைக் கடந்து போய்விடுவேன். ஆனால் ஒரு துண்டைக்கூட எல்லை தாண்டிக் கொண்டுவராதீர்கள், டின்னில் அடைத்ததானாலும் சரி. அழியும் உயிரினங்களின் வணிகத்தைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் அது குற்றம்.

பயணப் பைக்கு ஏற்றவை காய்ந்த ஃபுகுத் துடுப்பு, கடற்பாசி, பொன்சு சாஸ் போன்ற மூடி முத்திரையிட்ட பொருட்கள். மீன் பொருட்களுக்கு உங்கள் நாட்டுச் சுங்கத்தில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொன்சுவும் ஊனிப் புட்டியும் கைப்பையில் இருந்தால் விமான நிலையச் சோதனையில் பறிபோகும், பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.